குழிக்குக் கால் லீற்றர்: நீர் உறிஞ்சும் ஜெல்லை இரண்டு போகம் பாவித்துப் பார்த்ததில்

களுதாவளை, தேற்றாத்தீவு, செட்டிபாளையம் என்று மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே நீளும் எழுவான்கரை மணலில் தோட்டம் செய்கிறவனின் நாளில் பாதி, தண்ணீர் ஊற்றுவதிலேயே கழிந்துவிடும். காலையில் ஊற்றிய தண்ணீர், கச்சான் காற்று எழும்பும் நேரத்துக்குள் வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. பின்னேரம் மீண்டும் ஊற்றாவிட்டால், நட்டு ஒரு கிழமையான மிளகாய்க் கன்று மறுநாள் மத்தியானம் தலையைத் தொங்கப் போட்டுவிடும். (மிளகாய் என்று எழுதுகிறேனே தவிர, எங்கள் வாயில் அது கொச்சிக்காய்தான்.) இப்படிப்பட்ட மண்ணில் இருபது பேர்ச்சஸ் (ஏக்கரில் எட்டில் ஒரு பங்கு) தோட்டம் வைத்திருக்கும் ஒருவனிடம், தன் எடையைப் போல் நானூறு மடங்கு தண்ணீரை உறிஞ்சி வைத்திருந்து வேருக்குக் கொடுக்கும் தூள் ஒன்று இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னால், அவன் வாங்காமல் வருவது கடினம். நானும் வாங்கினேன்.

ஒரு கிலோ பைக்கற் ஒன்றுக்கு 4,200 ரூபாய் கொடுத்தேன். உள்ளே இருந்தது கற்கண்டை நொறுக்கியதுபோன்ற, சீனியைவிடச் சற்றுப் பெரிய, வெள்ளை நிறக் குருணல். மணம் எதுவும் இல்லை. விரலில் எடுத்தால் கரகரக்கிறது, ஈரக் கையால் தொட்டால் உடனே வழுக்குகிறது. பைக்கற்றின் மேல் பொற்றாசியம் பொலிஅக்ரிலேற்று என்றும், நானூறு மடங்கு நீரை உறிஞ்சும் என்றும், மண்ணில் ஐந்து ஆண்டுகள் உழைக்கும் என்றும், ஏக்கருக்கு இரண்டு கிலோ போதும் என்றும் அச்சிட்டிருந்தார்கள். இவை எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. தமிழில் ஒரு வரிகூட இல்லை. தமிழ் விவசாயிகள் நிறைந்த ஒரு மாவட்டத்தில் விற்பதற்கென்று கொண்டுவந்த பொருளுக்கு, கன்றுக்கு எத்தனை கிராம், உலர்வாகப் போடுவதா ஊறவைத்துப் போடுவதா, எந்தத் தண்ணீரில் ஊறவைப்பது என்ற மூன்று விடயங்களைத் தமிழில் அச்சிட்ட ஒரு துண்டுக் காகிதத்தையாவது உள்ளே வைத்திருக்கலாம். அந்த மூன்றையும் நான் கைக்காசைச் செலவழித்துத்தான் அறிந்துகொண்டேன்.

பைக்கற்றைப் பற்றி இன்னுமொரு குறை உண்டு. அதற்கு மீண்டும் மூடக்கூடிய வாய் கிடையாது. கடற்காற்று வீசும் ஊரில், தண்ணீரை இழுப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு தூளைத் திறந்த பையில் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மூன்றாம் நாள் பார்த்தபோது மேற்பகுதி, மாரி காலத்துச் சீனிப் போத்தல் போலக் கட்டிபட்டிருந்தது. மிச்சத்தை மூடி இறுகிய பால்மா டின் ஒன்றுக்கு மாற்றிக்கொண்டேன்.

இந்தப் பொருள் நேற்று வந்த புதுமை அல்ல. ஐக்கிய அமெரிக்காவின் விவசாயத் திணைக்களத்துக்கு உரிய, இலினோய் மாநிலத்தின் பியோரியா நகரில் இருந்த ஆய்வுகூடத்தில், சோள மாப்பொருளுடன் செயற்கைப் பல்பகுதியம் (பொலிமர்) ஒன்றை ஒட்டவைத்து, தன் எடையைப்போல் பல நூறு மடங்கு நீரை உறிஞ்சும் பொருளை 1970களிலேயே செய்துகாட்டிவிட்டார்கள். அந்தப் பரம்பரையின் மிகப் பெரிய சந்தை பின்னர் குழந்தைகளின் பம்பர்ஸில் அமைந்தது. பம்பர்ஸில் இருப்பது சோடியம் வகை, தோட்டத்துக்கு விற்பது பொற்றாசியம் வகை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், பாவிக்காத பம்பர்ஸைக் கிழித்துப் பூச்சட்டிக்குள் போடச் சொல்லும் காணொளிகளைப் பார்த்து யாரும் அதைச் செய்ய வேண்டாம். ஏற்கெனவே உவர் ஏறும் கரையோர மண்ணுக்கு நாமே சோடியத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகவே அது முடியும். எங்கள் பக்கத்தில் அடிக்கடி பேசப்படும் இன்னொன்று பூசா ஹைட்ரோஜெல். புதுடில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் செலுலோசை அடியாகக் கொண்டு உருவாக்கிய அது, குறைந்தது 350 மடங்கு நீரை ஏற்கும் என்றும், ஏக்கருக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ வரை இட வேண்டும் என்றும் சிபாரிசு செய்யப்படுகிறது. நான் வாங்கியது அது அல்ல. ஆயினும் ஏக்கர்க் கணக்கு இரண்டுக்கும் ஒன்றாகவே இருப்பதால், அதைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் நானூறு மடங்கு என்ற எண்ணைச் சோதித்தேன். நகைக்கடையில் வேலை செய்யும் உறவினரிடம் சிறிய தராசை இரவல் வாங்கி, ஒவ்வொரு கிராமாக நிறுத்து, ஒவ்வொரு லீற்றர் தண்ணீரில் இரண்டு மணித்தியாலம் ஊறவைத்து, பழைய வேட்டித் துணியில் வடியவிட்டுத் திரும்ப நிறுத்தேன். கூரையில் இருந்து பிடித்த மழைநீரில் ஒரு கிராம் 290 கிராம் ஆயிற்று. வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் 160 கிராமில் நின்றுவிட்டது. கடலுக்குக் கிட்டவாக உள்ள, ஆவணி மாதத்தில் வாயில் வைத்தால் கரிக்கும் கிணற்று நீரில் வெறும் 80 கிராம். வீட்டுக் கிணற்று நீரிலேயே ஒரு தேக்கரண்டி எம்.ஓ.பி. (பொற்றாசியம் குளோரைட்டு) பசளையைக் கரைத்து ஊறவைத்தபோது 60 கிராமுக்கு இறங்கியது. அதே அளவு யூரியாவை மழைநீரில் கரைத்துப் பார்த்தபோது அநேகமாக எதுவுமே மாறவில்லை.

இந்த எண்களுக்கு இடையிலான வித்தியாசம்தான் பைக்கற் சொல்லாத கதை. ஜெல்லின் நீண்ட சங்கிலிகளில் மறை மின்னேற்றம் கொண்ட கூட்டங்கள் வரிசையாக இருக்கின்றன, அவற்றோடு ஒட்டிப் பொற்றாசியம் அயன்கள் நிற்கின்றன. ஜெல்லுக்கு உள்ளே அயன்கள் செறிந்தும் வெளியே தண்ணீர் தூய்மையாகவும் இருந்தால், பிரசாரணத்தால், அதாவது செறிவு கூடிய பக்கத்துக்கு நீர் நகரும் இயல்பால், தண்ணீர் உள்ளே இழுபடுகிறது. சங்கிலிகளை இடையிடையே முடிச்சிட்டு வைத்திருப்பதால் அது கரைந்துபோகாமல் பருக்கிறது. வெளித் தண்ணீரிலும் உப்பு இருந்தால் இழுக்கும் விசை குறைந்துவிடும். அதிலும் கல்சியம், மக்னீசியம் போன்று இரட்டை ஏற்றம் கொண்ட அயன்கள் வந்துவிட்டால், அவை இரண்டு சங்கிலிகளை ஒரே நேரத்தில் பிடித்து இறுக்கிக்கொள்ளும், பின்னர் நல்ல தண்ணீர் விட்டாலும் முழுமையாக விரியாது. யூரியாவுக்கு ஏற்றம் இல்லை, எனவே அது இந்த இழுபறியில் சேர்வதில்லை. எழுவான்கரையில் நாம் இறைப்பது, உவர் நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கும் நன்னீரை. கோடையில் பம்ப் வைத்து அதிகம் இறைத்தால் அடியில் இருக்கும் உவர் மேலெழும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு கரையோரக் கிணறுகள் எப்படி உவர்த்துக் கிடந்தன என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆகவே நம்முடைய இடத்தில் நானூறு என்பதை நூற்று ஐம்பது என்று வாசிக்க வேண்டும், கடலோரமாக இருந்தால் எண்பது என்று.

மண்ணுக்குள் போனால் அதுவும் குறையும். திறந்த கிண்ணத்தில் ஜெல் தாராளமாகப் பருக்க இடம் உண்டு. குழிக்குள் சாண் அளவு மணலின் பாரம் மேலே இருக்கும். கண்ணாடி ஜாம் போத்தலில் ஒரு கிராமை அடியில் இட்டு, மேலே மணலை நிரப்பித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது, கிண்ணத்தில் கண்ட பருமனில் பாதியைக்கூட அது எட்டவில்லை.

எழுவான்கரைத் தோட்டத்தில் சித்திரை மாதம் மிளகாய் நட்டேன். அதற்கு முன் நடந்த ஒரு கூத்தைச் சொல்லிவிடுகிறேன். உலர்ந்த தூளைக் குழிக்குள் போட்டு மண்ணால் மூடினால் போதும் என்று நினைத்து, முதல் பத்துக் குழிகளுக்கு ஒவ்வொரு மேசைக்கரண்டியாக அள்ளிப் போட்டுக் கன்றை நட்டேன். இரவு எதிர்பாராமல் ஒரு மழை பெய்தது. காலையில் போய்ப் பார்த்தால் பத்துக் கன்றுகளும் தரைக்கு மேலே எழும்பி, வேர் பாதி வெளியே தெரிய, பல்லு விழப்போகிற கிழவன் வாய் போல ஆடிக்கொண்டிருந்தன. அடியிலிருந்த தூள் பருத்துக் கன்றையும் மண்ணையும் ஒன்றாகத் தூக்கி வெளியே தள்ளியிருக்கிறது. பக்கத்து வளவுப் பெரியப்பா வேலிக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டு, “என்ன மனே, மண்ணுக்குள்ள சவ்வரிசி அவிச்சி வெச்சிருக்காய்?” என்று கேட்டார். பிதுங்கி வெளியே வந்த துண்டுகளை அவருடைய கோழிகள் வந்து கொத்திப் பார்த்துவிட்டு ஏமாந்து போயின. அன்று வெயிலில் கிடந்தவை இரண்டு நாளில் காய்ந்து, பிசின் போல மண்ணோடு ஒட்டிக்கொண்டன.

அதன் பிறகு முறையை மாற்றினேன். கன்றுக்கு மூன்று கிராம் அளவை முன்கூட்டியே வாளியில் ஊறவைத்து, அந்தக் கூழைக் குழியில் இருந்து எடுத்த மண்ணோடு நன்றாகப் பிசைந்து, வேர் உட்காரும் ஆழத்தில் பரப்பி, மேலே இரண்டு அங்குல வெறும் மணலை இட்டு மூடினேன். நாற்பது கன்றுகள் வீதம் நான்கு வரிசை வைத்தேன்: ஒன்றில் எதுவும் சேர்க்கவில்லை, ஒன்றில் ஜெல் மட்டும், ஒன்றில் இரண்டு கை நிறைய உக்கிய மாட்டெரு, கடைசியில் எருவும் ஜெல்லும் சேர்த்து. தண்ணீர் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு.

முதல் மூன்று கிழமைகள் ஜெல்லுக்கு உரியவை என்று தயக்கமின்றிச் சொல்லுவேன். எதுவும் சேர்க்காத வரிசையில் ஒரு நேரம் தண்ணீர் தவறினாலே மறுநாள் பத்து மணிக்குக் கன்று வாடியது. நாற்பதில் ஒன்பது செத்துப்போய் மீண்டும் நட வேண்டியிருந்தது. ஜெல் மட்டும் இட்ட வரிசையில் ஒரு முழு நாள் தண்ணீர் விடாமல் சமாளித்தேன், இரண்டு கன்றுகள் மட்டுமே போயின. எரு இட்ட வரிசையில் நான்கு போயின. எருவும் ஜெல்லும் சேர்ந்த வரிசை, இடையில் நான் ஒரு கலியாண வீட்டுக்காகத் திருக்கோவில் போய் இரண்டு நாள் வராமல் இருந்தபோதும் நிமிர்ந்தே நின்றது. ஒரு கன்றுகூடச் சாகவில்லை. நான்காவது கிழமையில் ஒரு கன்றை மனமில்லாமல் பிடுங்கிப் பார்த்தேன். வெள்ளை நிற இளம் வேர்கள் கண்ணாடி மணிகளைக் கோத்த நூல் போல ஜெல் துண்டுகளை ஊடுருவிக்கொண்டு போயிருந்தன. ஒரு துண்டை வேரில் இருந்து இழுத்துப் பார்த்தேன், அது பிய்ந்ததே தவிர வேரை விடவில்லை. ஜெல் தண்ணீரைத் தனக்கென்று பூட்டி வைத்துக்கொள்ளும், செடிக்குக் கொடுக்காது என்று சிலர் சொல்வது சரியல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

ஆனால் இரண்டாவது மாதம் முடியும்போது ஜெல் வரிசைக்கும் எரு வரிசைக்கும் வித்தியாசம் மங்கிவிட்டது. மூன்றாவது மாதத்தில், காய் பறிக்கும் காலத்தில், எரு இட்ட இரண்டு வரிசைகளும் ஒன்று போல நின்றன. ஜெல் மட்டும் இட்ட வரிசை, எதுவும் இடாத வரிசையைவிடச் சற்றே மேலாக இருந்ததே ஒழிய, எருவுக்கு அருகில் வரவில்லை. காரணத்தை விரல் விட்டு எண்ணலாம். மூன்று கிராம் ஜெல் எங்கள் கிணற்று நீரில் பிடிப்பது அரை லீற்றருக்குச் சற்றுக் குறைவு. மணலின் பாரத்தில் அது கால் லீற்றர் ஆகிறது. இளம் கன்றுக்குக் கால் லீற்றர் என்பது ஒரு நாள் சாப்பாடு. ஆனால் கச்சான் காற்று அடிக்கும் கோடையில் நிலத்தில் இருந்தும் இலையில் இருந்தும் நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீற்றர் அளவு தண்ணீர் போகிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டடிக்கு ஒன்றரை அடி இடைவெளியில் நிற்கும் வளர்ந்த செடிக்கு ஒரு லீற்றருக்கும் மேல் வேண்டும். அதன் முன்னால் கால் லீற்றர் பகல் வெயிலில் இரண்டு மணித்தியாலங்களுக்கே காணும். வேர்களும் அதற்குள் குழியைத் தாண்டி வெளியே ஓடிவிட்டிருக்கும்.

இனி ஏக்கர்க் கணக்கு. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வெல்லாவெளிப் பக்கம் மச்சானுக்குக் கொஞ்சம் மேட்டு நிலம் உண்டு. மாரியை மட்டும் நம்பிக் கச்சான் போடுகிற மண். (காற்றுக்கும் கடலைக்கும் ஒரே பெயரை வைத்திருக்கிறோம்; ஒன்று வந்தால் மற்றது வாடும்.) மிளகாய்க்கு முந்திய ஒக்டோபரில், கால் ஏக்கரில் பைக்கற் சொன்ன ஏக்கருக்கு இரண்டு கிலோ என்ற வீதத்தில் அரைக் கிலோவைப் பொடிமண்ணோடு கலந்து விதைச் சாலில் தூவினோம், பக்கத்துக் கால் ஏக்கரில் எதுவும் தூவவில்லை. முதல் மழை பெய்து விதைத்த பிறகு எட்டு நாள் வானம் வெளித்திருந்தது. அந்த எட்டு நாளில் ஜெல் விழுந்த சால்களில் முளை சற்று ஒரு சீராக வந்தது என்பதை மச்சானும் ஒத்துக்கொண்டார். பிறகு நவம்பரில் வடகீழ்ப் பருவமழை வழக்கம்போல் கொட்டியது. மட்டக்களப்பில் ஆண்டுக்குப் பெய்யும் 1,600 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் பெப்ரவரிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும், அந்த நேரத்தில் வயலுக்கு வேண்டியது வடிகால்தான். பிடுங்கும்போது இரண்டு துண்டிலும் கடகக் கணக்கு ஒன்றாகவே வந்தது.

இது எங்கள் கவனக்குறைவு அல்ல, கணக்கே அப்படித்தான். ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் நிலத்தில் விழுவது ஏறத்தாழ 4,000 லீற்றர். இரண்டு கிலோ ஜெல், பைக்கற் சொல்லும் நானூறு மடங்கை அப்படியே நம்பினாலும், 800 லீற்றர் பிடிக்கும். அதாவது ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்கு மழை. கோடைப் பகலில் அரை மணித்தியாலத்தில் ஆவியாகிப் போகும் அளவு. எங்கள் கிணற்று நீரின் நூற்று அறுபது மடங்கை வைத்துப் பார்த்தால் அது 320 லீற்றர். இதைக்கொண்டு ஓர் ஏக்கர் பயிரை வரட்சியில் இருந்து காப்பாற்றலாம் என்று சொல்கிறவர், உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரைச் செம்பில் மொண்டு வந்து வயலுக்கு ஊற்றப் பார்க்கிறார். பூசா ஜெல்லுக்கும் இதே வீதம்தான் சொல்லப்படுகிறது. அங்கே பொடிமண்ணோடு கலந்து விதைச் சாலில், விதைக்குப் பக்கத்தில் விழும்படி இடச் சொல்கிறார்கள். அது முளைக்கும் நாட்களில் விதையைச் சுற்றிய ஒரு பிடி மண்ணுக்கு ஈரம் கொடுக்கலாம், எங்கள் எட்டு நாளிலும் நடந்தது அதுவே. அந்தச் சிறிய உதவியைத்தான் எங்கள் கடைக்காரர் ‘மழை இல்லாமலே ஒரு போகம் எடுக்கலாம்’ என்று மொழிபெயர்த்திருந்தார். 2021 இல் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்த மாதங்களில், போத்தலில் அடைத்து வந்த எத்தனையோ திரவங்களை இதே தொனியில் விற்றார்கள். அந்தப் பழக்கம் கடைகளை விட்டு இன்னும் போகவில்லை.

மிளகாய்க்கு நான் செய்ததுபோல் குழிக்குக் குழி இட்டால் பலன் கிடைக்கும், ஆனால் செலவு நின்றுவிடாது. ஒரு கன்றுக்கு மூன்று கிராம் என்றால் பன்னிரண்டு ரூபாய் அறுபது சதம். இரண்டடிக்கு ஒன்றரை அடி இடைவெளியில் ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 15,000 குழி வரும், 45 கிலோ ஜெல் வேண்டும், விலை 189,000 ரூபாய். விற்பனைக்குப் பயிர் செய்கிற யாரும் இதைச் செய்யமாட்டார்கள். வீட்டுத்தோட்டத்தில் ஐம்பது கன்று வைப்பவருக்கு 630 ரூபாயில் முடியும். ஒன்பது கன்று செத்துத் திரும்ப நடுகிற அலைச்சலோடு ஒப்பிட்டால் அது நியாயமான விலை.

இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது தும்புச்சோறு, அதாவது தேங்காய் மட்டையிலிருந்து தும்பு எடுத்த பின் மிஞ்சும் தூள். தும்பு ஆலை வாசலில் குவிந்து கிடக்கும் அது, தன் எடையைப் போல் எட்டு மடங்கு வரை தண்ணீரைப் பிடிக்கும். நூற்று அறுபதோடு பார்க்க எட்டு என்பது சிறிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் ஒரு கிலோ ஜெல் பிடிக்கும் 160 லீற்றரை இருபது கிலோ தும்புச்சோறு பிடித்துவிடுகிறது, அதுவும் உரப்பையில் கட்டி மோட்டார் சைக்கிளில் கொண்டுவரக்கூடிய சுமை. புதிய தும்புச்சோற்றை இரண்டு மூன்று தடவை கழுவி உப்பைப் போக்கிய பின்பே பாவிக்க வேண்டும் என்பது மட்டுமே அதில் உள்ள வேலை. தென்னைக்கோ இந்தக் கேள்வியே இல்லை. பொச்சுமட்டையை (தேங்காய் உரித்த மட்டையை) கிடங்கில் அடுக்கிப் புதைத்து ஈரம் காக்கும் முறையை லுணுவிலவில் உள்ள தென்னை ஆராய்ச்சி நிறுவகம் சிபாரிசு செய்கிறது. தாழங்குடாவிலும் ஆரையம்பதியிலும் பழைய தென்னந்தோட்டக்காரர்களுக்கு அது யாரும் சிபாரிசு செய்யாமலே தெரியும். மேலும், எருவும் தும்புச்சோறும் உக்கி மண்ணோடு சேர்ந்து அடுத்த போகத்துக்கும் ஏதாவது கொடுத்துவிட்டுப் போகின்றன.

ஜெல் அப்படிச் சேர்வதில்லை. ஐந்து ஆண்டுகள் உழைக்கும் என்ற வாக்குறுதியைப் பார்க்க, காய் பறித்து முடிந்த பின் சில குழிகளைக் கிளறினேன். துண்டுகள் சிறுத்து, நிறம் மங்கி, சிறு வேர்த் துணுக்குகள் ஒட்டியபடி இருந்தன. கழுவி மழைநீரில் ஊறவிட்டபோது முதல் நாள் பருத்ததுபோல் பருக்கவில்லை. கிணற்று நீரின் கல்சியம் ஆறு மாதம் வேலை செய்த பின் அது நடக்க வேண்டியதே. நீரைப் பிடிக்கும் திறன் இப்படிப் போய்விட்டாலும் பொருள் உடனே போய்விடுவதில்லை. இதன் சங்கிலிகளை மண்ணின் நுண்ணுயிர்கள் மிக மெதுவாகவே உடைக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2019 இல் இயற்றிய உர ஒழுங்குவிதி, மண்ணில் இடும் இத்தகைய பல்பகுதியங்களுக்கு உக்கும் தன்மையை ஒரு நிபந்தனையாக வைத்திருப்பது இதனால்தான். நஞ்சு என்று பயப்படத் தேவையில்லை. ஆயினும் பொலிஅக்ரிலமைட்டு வகையை வாங்குவதாக இருந்தால் எஞ்சிய அக்ரிலமைட்டின் அளவு பைக்கற்றில் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. சங்கிலியாகக் கோக்கப்படாத அந்த மூலப்பொருள் நரம்புக்குக் கேடானது.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் டின்னை உயரத்தில் வைக்க வேண்டும். ஒரு துளி தண்ணீரில் மணி போலப் பருக்கும் எதையும் பிள்ளைகள் வாயில் வைத்துப் பார்ப்பார்கள், விழுங்கினால் அது வயிற்றுக்குள்ளும் பருக்கும். விளையாட்டுப் பொருளாக நிற நிறமாக விற்கும் தண்ணீர் மணிகளும் இதே இனம்தான். சீமெந்துத் தரையில் கொட்டுப்பட்டால் முதலில் உலர்வாகக் கூட்டி அள்ளிவிட வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவப் போனால், நான் விழுந்ததுபோல் நீங்களும் விழுவீர்கள்.

வாங்கலாமா என்று கேட்பவருக்கு நான் இப்போது திருப்பிக் கேட்பது, எத்தனை கன்று, எந்தத் தண்ணீர் என்ற இரண்டையும்தான். வாகரைப் பக்கத்து மணலில் மரமுந்திரிகைக் கன்று வைத்து முதல் கோடையைக் கடத்தப் பார்க்கிறவர், மாங்கன்றுக்கு வாரம் இரண்டு முறைக்கு மேல் தண்ணீர் கொண்டுபோக முடியாதவர், நாற்றுமேடை போட்டு விற்கிறவர், பூச்சட்டி வைத்திருப்பவர் ஆகியோர், எருவோ தும்புச்சோறோ சேர்த்த பிறகு அதற்கு மேலதிகமாக இதை வாங்கலாம். மழைநீரில் ஊறவைத்து, எம்.ஓ.பி. பசளையைக் குழிக்குள் இடாமல் செடியைச் சுற்றித் தள்ளி இட்டால் கொடுத்த காசுக்கு வேலை செய்யும். கடலோரக் கிணற்றை மட்டும் நம்பியிருப்பவருக்கும், சோளனோ கச்சானோ ஏக்கர்க் கணக்கில் போடுகிறவருக்கும் வேண்டாம் என்பேன்.

என்னிடம் டின்னில் இன்னும் 170 கிராம் அளவு இருக்கிறது. அதில் ஒரு பிடியைப் பெரியப்பா, சவ்வரிசிக் கதையை மறந்தவர் போல, தன் இரண்டு எலுமிச்சங்கன்றுகளுக்கென்று கேட்டு வாங்கிப் போனார். ஊறவைத்துப் போடுங்கள் என்று இரண்டு தரம் சொல்லித்தான் கொடுத்தேன். மிச்சத்தை அடுத்த மாசி மாதம், மழை விட்டதும் வேலியோரம் வைக்கவிருக்கும் ஆறு மரமுந்திரிகைக் கன்றுகளுக்கு எடுத்து வைத்திருக்கிறேன். அதற்கு வேண்டிய மழைநீரை இப்போதே இரண்டு பீப்பாயில் பிடித்து மூடியாயிற்று.